புளிமா

எழுத்தைக் கொடுத்துத்தான் முதலில் தேடினேன்.
ஏ, யூ, ஜி, சி என்று நூற்றுப் பன்னிரண்டு எழுத்து.
பாலிக் புலாவ் அலையாத்திச் சேற்றில் கிடந்த
ஒரு கிருமியின் ஆர்.என்.ஏ.
பொருத்தம் எதுவுமில்லை என்றது திரை,
இந்த உலகத்தில் இதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதுபோல்
அவ்வளவு சட்டென்று.

ஊய் சுவான் நாற்காலியைத் திருப்பாமலே சொன்னாள்:
"எழுத்தை விடு லா. உருவத்தைக் கொடு."

அதுவும் சரிதான்.
நூறு கோடி ஆண்டில் எழுத்து தேய்ந்து வேறாகிவிடும்,
மடிப்பு அவ்வளவு லேசில் மாறாது.
முறுக்கிவிட்ட கயிறுபோல
தன்னைத் தானே கட்டிக்கொண்ட இழை இது,
ஓரிடத்தில் மட்டும்
பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தவன் முழங்கைபோல
வெடுக்கென்று மடங்கும்.
அந்த முழங்கையை வெட்டியெடுத்து
அணு அணுவாய், அது அது நிற்கும் இடத்தின் எண்ணோடு
பதிவேற்றினேன்.
கோப்பின் பெயர்: சேறு-ஏழு-கடைசி-இதுதான்-கடைசி.
உங்களுக்கு முன்னால் நாற்பத்தொரு பேர் என்றது
எந்த ஊரிலோ விழித்திருக்கும் கணினி.

சுங்கை துவா சாலையோரம்
சார் குவே தியோவுக்கு உட்கார்ந்தோம். அங்கேயும் வரிசை.
தகரத்தில் மழை. எதற்கென்று தெரியவில்லை,
ஐந்தாம் படிவத்து யாப்பு ஞாபகத்துக்கு வந்தது,
எஸ்.பி.எம். இலக்கியத் தாளுக்காக உருப்போட்டது.
நிரை நேர் புளிமா.
அது மரமில்லை, அச்சு.
எந்த எழுத்தை ஊற்றினாலும் ஓசை அதேதான்.
பினாங்கு, புளிமா.
குளுகோர், புளிமா.
ஜெலுத்தோங்கும்.
கிருமியும்கூட!
மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தேன்.
என்ன அது என்றாள் ஊய் சுவான்.
பாதி சொல்வதற்குள் தட்டு வந்துவிட்டது,
விட்டுவிட்டேன்.

திரும்பியபோது பட்டியல் வந்திருந்தது.
முதல் பத்தும் கல்யாண வீட்டுச் சொந்தங்கள்:
நீளமான எதற்குள் தேடினாலும்
இப்படி ஒரு வளைவு அகப்படும்.
பதினொன்றாவதில் நின்றேன்.
கொதிக்கும் ஊற்றில் வாழும் ஓர் உயிர்,
அதன் ரைபோசோமில் ஒரு மூலை.
எழுத்தில் நாலுக்கு ஒன்றுதான் ஒத்துப்போகிறது.
கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் அவ்வளவு வரும்.
என்னுடையதை ஆரஞ்சாக்கி, அதை நீலமாக்கி
ஒன்றின்மேல் ஒன்றை வைத்துச் சுழற்றினேன்.
பொருந்தியது.
முதுகெலும்பு முழுக்க
ஒன்றரை ஆங்ஸ்ட்ராமுக்குள்.
சேறும் கொதிநீரும்
ஒரே இடத்தில் முழங்கை மடக்கி.
கொதி, நீர். விரல் தானாகத் தட்டியது.

ஓரிடத்தில் மட்டும் ஆரஞ்சு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.
அறுபத்தேழாம் எழுத்து, ஓர் ஏ.
நீலத்தில் அது சமர்த்தாக உள்ளே.
கண்டுபிடித்துவிட்டேன் என்று அரை நிமிடம் நம்பினேன்,
கட்டுரையின் தலைப்புகூட மனதில் ஓடியது.
பிறகு நுண்ணோக்கி தந்த மேகப்படத்தைத் திறந்தேன்.
அந்த இடத்தில் மேகமே இல்லை.
மார்ச் மாதம், இரவு இரண்டு மணி,
எங்காவது வைக்கவேண்டுமே என்று
நான்தான் வைத்திருக்கிறேன்.

நீலத்தைப் பார்த்து உள்ளே திருப்பிவிட்டால்
எண் இன்னும் குறையும். படமும் அழகாக வரும்.
பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிவிட்டு
இருவருக்கும் ஒரே விடை என்று
யாரிடம் போய் வியப்பது?

விளக்கை அணைக்கட்டுமா என்றாள் ஊய் சுவான்.
கொஞ்சம் இரு.
அறுபத்தேழை அழித்தேன்.
தெரியாத இடம்
தெரியாத இடமாகவே இருக்கட்டும்.
சேறு-எட்டு என்று மட்டும் பெயரிட்டு
மறுபடி அனுப்பினேன்.

உங்களுக்கு முன்னால் அறுபத்து மூன்று பேர்.